ஊற்றி அளக்கும் பாடம்: செய்தே ஆக வேண்டுமா?

கேள்வி | 6 ஜூலை 2024

ஐந்தாம் வகுப்புக்கு முகத்தலளவை நடத்தப் போகிறேன். வகுப்பில் 34 பிள்ளைகள். ஒரே ஒரு அளவுக் குடுவை இருக்கிறது, அதிலும் கோடுகள் பாதி அழிந்துவிட்டன. போன ஆண்டு வாளியும் பாட்டிலுமாகச் செயல்பாடு நடத்தினேன். தரை முழுக்கத் தண்ணீர், இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள். தேர்வில் "2 லி 50 மி.லி. என்பது எத்தனை மி.லி.?" என்ற கேள்விக்குப் பாதி வகுப்பு 250 என்று எழுதியிருந்தது. இதற்குப் படத்தைக் காட்டி வாய்ப்பாட்டைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகலாமே? உண்மையிலேயே பயன் கண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

7 ஜூலை

படம் போதாது. போன ஆண்டு நீங்கள் செய்ததும் போதாது. பிள்ளைகள் ஊற்றினார்கள், சிந்தினார்கள், சிரித்தார்கள். ஆனால் எதையும் எதிர்பார்த்து ஊற்றவில்லை. எதிர்பார்ப்பு இல்லாமல் ஊற்றினால் வருகிற விடை எதுவானாலும் பிள்ளைக்குச் சரிதான். என் வகுப்பில் ஊகத்தை எழுதிக் காட்டாத குழுவுக்குத் தண்ணீர் கிடையாது. "இந்தச் சொம்பு நிறைய இந்த டம்ளரால் எத்தனை முறை ஊற்ற வேண்டும்?" என்று கேட்டு, பேனாவால் எழுதச் சொல்வேன். பென்சில் என்றால் நைசாக அழித்துவிடுவார்கள். ஐந்து என்று எழுதியவன் ஏழாவது டம்ளரை ஊற்றும்போது அவன் முகத்தைப் பாருங்கள். இத்தனை பாடும் அதற்காகத்தான்.

அந்த 250 பற்றி. எழுதிய பிள்ளைக்கு வாய்ப்பாடு தெரியாமல் இருக்காது. ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லி லிட்டர் என்று கேட்டால் தூக்கத்திலும் ஆயிரம் என்று சொல்லும். மில்லி லிட்டர் என்பது அதற்கு எண்ணின் வாலில் ஒட்டும் எழுத்து, அவ்வளவுதான். இரண்டு லிட்டர் பாட்டிலை நிரப்பி மேசை மேல் வையுங்கள். பக்கத்தில் ஒரு டம்ளரில் 50 மி.லி. ஊற்றுங்கள், அடியில் கொஞ்சம் கிடக்கும். இரண்டையும் சேர்த்தால் 250 என்று எழுதிய பிள்ளையிடம் அரை லிட்டர் பால் பாக்கெட்டைக் கொடுத்து, "250 என்றால் இதில் பாதி. அந்தப் பெரிய பாட்டில் தண்ணீர் முழுவதும் இந்தப் பாதி பாக்கெட்டுக்குள் போய்விடுமா?" என்று கேளுங்கள். விடையை நீங்கள் திருத்த வேண்டியிருக்காது.

7 ஜூலை, இரவு

தண்ணீரை வகுப்பறைக்குள் கொண்டுவருவானேன்? மரத்தடிக்குப் போங்கள். ஆறு குழு, ஆறு தாம்பாளம். தாம்பாளத்துக்கு வெளியே சிந்தினால் அந்தக் குழு ஒரு சுற்று வெளியே உட்கார வேண்டும். இதைச் சொல்லிவிட்டால் வழுக்கி விழும் கதை வராது.

பிள்ளைகளை வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவரச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: வயலில் கிடக்கும் பூச்சிமருந்து டப்பா வேண்டவே வேண்டாம். "நன்றாகக் கழுவிவிட்டேன் சார்" என்று பெருமையோடு கொண்டுவருவார்கள். வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

9 ஜூலை

குடுவை ஒன்றுதான் இருக்கிறது என்பதை ஒரு குறையாகவே நான் நினைக்கவில்லை. கடையில் வாங்கிய குடுவையில் கோடு யார் போட்டார்கள், ஏன் அந்த இடத்தில் போட்டார்கள் என்று பிள்ளைக்குத் தெரியாது. தானே கோடு போட்ட பாட்டிலை அது மறக்காது.

செய்முறை இது. மருந்துக் கடையில் ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச், குழுவுக்கு ஒன்று. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், கூடியவரை நேரான பக்கங்கள் உள்ளதாக, கழுத்தை வெட்டி, வெட்டிய விளிம்பில் செல்லோடேப் ஒட்டியது. பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைத்தாள் பட்டை. தண்ணீரில் இரண்டு சொட்டு நீல மை, மட்டம் பளிச்சென்று தெரிய. பத்து சிரிஞ்ச் ஊற்றி ஒரு கோடு, அது 100. மறுபடி பத்து, மறுபடி ஒரு கோடு. ஏழாவது சிரிஞ்சிலேயே எண்ணிக்கை தவறும். அதனால் ஒரு பிள்ளை ஊற்ற, ஒரு பிள்ளை சிரிஞ்சுக்கு ஒரு புளியங்கொட்டையாக எடுத்து வைக்க வேண்டும்.

முடிந்ததும் ஆறு பாட்டிலையும் ஒரே பெஞ்சில் வரிசையாக வையுங்கள். பாட்டில் ஒரே மாதிரிதான், ஆனால் கோடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாது. சண்டை தொடங்கும். "உன் சிரிஞ்சில் காற்று இருந்தது", "நீ பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தாய்", "உன் கோடே அரை விரல் தடிமன்". நான் வாயைத் திறப்பதில்லை. கடைசியில் யாராவது ஒரு பிள்ளை, "எது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்கும். அப்போதுதான் எங்கள் ஊர்ப் பால்காரரிடம் இரவல் வாங்கிய அரை லிட்டர் அளவையை வெளியே எடுப்பேன். அதன் மேல் அரசு முத்திரை குத்தியிருக்கும். எந்த ஆண்டு, ஆண்டின் எந்தக் காலாண்டு என்பது அதில் இருக்கும். ஏ, பி, சி, டி என்ற நான்கு எழுத்துகள் நான்கு காலாண்டைக் குறிக்கும். பிள்ளைகள் முத்திரையைத் தேடிக் கண்டுபிடித்துத் தடவிப் பார்ப்பார்கள். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தை ஐந்தாம் வகுப்பில் நடத்தத் தேவையில்லை. கடைக்காரரின் அளவையை யாரோ சோதிக்கிறார்கள், சோதித்ததற்கு அடையாளம் போடுகிறார்கள் என்பது தெரிந்தால் போதும். அன்று மாலையே இரண்டு கடைகளில் போய் முத்திரையைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள் என்பது வேறு கதை.

10 ஜூலை

கணிதக் கிட் பெட்டி வந்திருக்குமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வந்தது. தலைமையாசிரியர் அறை பீரோவில் பத்திரமாக இருக்கிறது. பிள்ளைகள் உடைத்துவிட்டால் கணக்குக் காட்ட வேண்டும் அல்லவா? சிரிஞ்ச் உடைந்தால் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

11 ஜூலை

கோடு படிப்பது பற்றி யாருமே பேசவில்லை. ஊற்றுவதில் பிள்ளைகள் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை, படிப்பதில்தான் தடுமாறுகிறார்கள். 50க்கும் 60க்கும் நடுவில் நான்கு சின்னக் கோடுகள் இருக்கும் குடுவையில் மூன்றாவது கோட்டில் தண்ணீர் நின்றால், பத்துக்கு எட்டுப் பேர் 53 என்பார்கள். ஒரு கோட்டுக்கு 2 மி.லி., ஆகவே 56. எந்தக் குடுவையைக் கையில் எடுத்தாலும் முதலில் "ஒரு சின்னக் கோடு எவ்வளவு?" என்று கேட்டுப் பதில் வாங்கிய பிறகே தண்ணீர் கொடுங்கள். வெயில்மானி, காய்ச்சல்மானி, தராசு எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான்.

அடுத்து, பாட்டிலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கும் பழக்கம். தூக்கினால் சாயும். பாட்டில் பெஞ்சிலேயே இருக்கட்டும், பிள்ளை முட்டி போட்டு உட்காரட்டும். கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் விளிம்பில் கொஞ்சம் ஏறி நடுவில் குழிந்து நிற்கும். குழியின் அடியைப் படிக்க வேண்டும். பிளாஸ்டிக் குடுவையில் மட்டம் பெரும்பாலும் தட்டையாகவே இருப்பதால் இந்தத் தலைவலி குறைவு.

13 ஜூலை

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு என்ன செய்யலாம் என்று கேட்டவருக்கு. இரண்டு ஒரே மாதிரி டம்ளரில் ஒரே அளவு தண்ணீர். பிள்ளை கண்முன்னே ஒன்றை அகலமான டபராவில் ஊற்றுங்கள். எதில் அதிகம் என்று கேட்டால், ஏழு வயதுக்குக் கீழே பல பிள்ளைகள் டம்ளரைக் காட்டும். சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே செய்து காட்டிய புகழ்பெற்ற சோதனை இது. பி.எட். படித்த எல்லோரும் தேர்வில் எழுதியிருப்போம், வகுப்பில் செய்து பார்த்தவர்கள் குறைவு.

செய்து பார்த்தபோது எனக்கு உறுத்திய ஒன்றைச் சொல்கிறேன். ஊற்றுவதற்கு முன் ஒருமுறை, ஊற்றிய பின் ஒருமுறை, ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கிறோம். நம் பள்ளிகளில் சார் ஒரு கேள்வியை மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தப்பு என்று பொருள். இது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். உடனே விடையை மாற்றிவிடும். அது தண்ணீரைப் பார்த்து மாற்றியதா, என் முகத்தைப் பார்த்து மாற்றியதா?

14 ஜூலை

நேற்று எழுதியது என் சந்தேகம் மட்டும் அல்ல. 1970களின் நடுவிலேயே ஜேம்ஸ் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் இதைச் சோதித்திருக்கிறார்கள். இரண்டு வரிசையாக வில்லைகளை அடுக்கி வைத்தார்கள். ஒரு வரிசையை ஆசிரியர் கலைக்காமல், குறும்புக்காரக் கரடி பொம்மை ஒன்று வந்து கலைத்துவிட்டுப் போனது. கலைத்தது பொம்மை என்றதும், எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகச் சொன்ன சின்னப் பிள்ளைகள் கணிசமாகக் கூடிவிட்டார்கள். அது எண்ணிக்கையையும் நீளத்தையும் பற்றிய சோதனை, தண்ணீர் அல்ல. இருந்தாலும் வழி கிடைத்தது. இப்போது நான் டபராவில் ஊற்றுவதில்லை. "ஐயோ, இந்த டம்ளர் ஒழுகுகிறதே" என்று சொல்லி இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றுகிறேன். மாற்றியதற்கு ஒரு காரணம் இருப்பதால் பிள்ளை என் முகத்தைப் படிப்பதை விட்டுவிடுகிறது. சரியான விடை கூடியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது, எண்ணிப் பார்க்கவில்லை.

16 ஜூலை

"ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோதானே, எதற்கு இரண்டு அலகு?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். சமையலறைக்குப் போய் எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரு லிட்டர் என்று போட்டு, பக்கத்திலேயே 910 கிராம் என்று போட்டிருக்கும். பால் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1 கிலோ 30 கிராம். தேன் 1 கிலோ 400 கிராமைத் தொடும். கிலோவும் லிட்டரும் ஒத்துப் போவது தண்ணீரில்தான், அதிலும் மிக நுட்பமாகப் பார்த்தால் இல்லை. 1901 முதல் 1964 வரை ஒரு கிலோ தண்ணீர் அடைக்கும் இடமே லிட்டர் என்று உலக அளவில் வரையறுத்து வைத்திருந்தார்கள். அது 1000 கன செ.மீ.யைவிடப் பத்து லட்சத்தில் 28 பங்கு கூடுதலாகப் போய்விட்டது. 1964ல் அதைக் கைவிட்டு, 10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரமே லிட்டர் என்று முடித்துவிட்டார்கள்.

வகுப்பில் இதற்கு அரிசியும் பொரியும் போதும். ஒரே டம்ளரால் ஒரு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் பொரி, இரண்டு கையிலும் கொடுங்கள்.

18 ஜூலை

பாட்டி வீட்டு ஆழாக்கை ஒரு பிள்ளை கொண்டுவந்தது. பித்தளை, வாய் கொஞ்சம் நசுங்கியது. அன்று திட்டமிட்ட பாடத்தை மூடி வைத்துவிட்டேன்.

பழைய வாய்ப்பாட்டின் அழகே பாதி பாதியாகப் போவதுதான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, நாழிதான் படி. ஆகவே உரி அரை, உழக்கு கால், ஆழாக்கு அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. பின்னப் பாடம் முழுவதும் இந்த நான்கு பாத்திரத்துக்குள் இருக்கிறது. கால் பெரிதா அரைக்கால் பெரிதா என்று கேட்டால், "எட்டு பெரியது, ஆகவே எட்டில் ஒன்று பெரியது" என்று சொல்லும் பிள்ளை, உழக்கையும் ஆழாக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாயே திறக்காது. பித்தளை இல்லாதவர்கள் பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிச் செய்துகொள்ளலாம். எட்டு ஆழாக்கால் நிரம்பும் பாட்டிலைப் படி என்று வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் ஊற்றிப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள். வெட்டும் வேலை உங்களுடையது.

தானியம் அளக்கும்போது இன்னொரு வேடிக்கை உண்டு. தலைதட்டி அளப்பதும் குவித்து அளப்பதும் ஒன்றல்ல. ஒரே படியால் ஒரு குழு தலைதட்டி அளக்கட்டும், இன்னொரு குழு கோபுரமாகக் குவித்து அளக்கட்டும். பத்துப் படி அளந்ததும் வித்தியாசத்தைத் தனியே அளந்து பாருங்கள். அடுத்து, அரிசியை மெதுவாக ஊற்றித் தலைதட்டிய டம்ளரைத் தரையில் தட்டித் தட்டிக் குலுக்குங்கள். மட்டம் இறங்கும். மெதுவாக ஊற்றி அளந்தால் விற்பவருக்கு லாபம், குலுக்கி அளந்தால் வாங்குபவருக்கு லாபம். விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள்.

19 ஜூலை

மரக்கால் என்றால் நான்கு படி, எட்டுப் படி என்று இரண்டு பேர் மோதிக்கொண்டிருக்கிறீர்கள். எட்டு நாழி ஒரு குறுணி, குறுணியே மரக்கால், இரண்டு குறுணி பதக்கு, இரண்டு பதக்கு தூணி, மூன்று தூணி கலம். இது ஏட்டு வாய்ப்பாடு. ஒரு கலத்துக்கு 12 மரக்கால், 96 நாழி. நடைமுறையில் பெரிய படி, சின்னப் படி, பட்டணம் படி என்று ஊருக்கு ஊர் படியே வேறு. பெரிய படி புழங்கிய ஊரில் மரக்கால் நான்கு படியாக இருப்பதில் வியப்பில்லை. "ஒரு படி எத்தனை லிட்டர்?" என்ற கேள்விக்கும் அதனால்தான் ஒரே விடை கிடையாது. இணையத்தில் தேடாமல், உங்கள் ஊர்ப் படியில் உங்கள் பாட்டிலால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைகள் இதைச் செய்து எழுதினால் நல்ல வரைபடம் கிடைக்கும். 1956ல் மெட்ரிக் சட்டம் ஏன் கொண்டுவந்தார்கள் என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்காது.

24 ஜூலை

காகம் கல் போட்ட கதையை வைத்து இடப்பெயர்ச்சி (மூழ்கும் பொருள் தண்ணீரை மேலே தள்ளுவது) நடத்தலாம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். நடத்தலாம், ஆனால் காகத்தை நம்பி இறங்காதீர்கள். ஒரு பாட்டில் நிறைய உருண்டைக் கூழாங்கல்லைப் போட்டுவிட்டு, அளந்து அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். கல்லுக்கு நடுவே இருக்கும் இடைவெளி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது, சற்றுக் கூடவே இருக்கும். பானையில் தண்ணீர் அதைவிடக் குறைவாக இருந்தால், காகம் விளிம்பு வரை கல் போட்டாலும் தண்ணீர் கல்லிடுக்கிலேயே தங்கிவிடும். தாகத்தோடு பறந்து போக வேண்டியதுதான்.

பிள்ளைகளிடம் இதை ஊகமாகக் கேளுங்கள்: "பானையில் எவ்வளவு தண்ணீர் இருந்தால் கதை பலிக்கும்?" கால் பானை, அரை பானை, ஒரு விரற்கடை என்று மூன்று பாட்டில். ஐந்தாம் வகுப்பில் நான் நடத்திய பாடங்களில் அடுத்த நாளும் பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தது இது ஒன்றுதான். மணலைப் போட்டால் என்ன ஆகும் என்று ஒரு பெண் கேட்டாள். போட்டுப் பாருங்கள்.

காகத்துக்கு அவ்வளவு அறிவு உண்டா என்று கேட்பவர்களுக்கு: 2009ல் இங்கிலாந்தில் காக்கை இனத்தைச் சேர்ந்த ரூக் பறவைகளுக்குத் தண்ணீர்க் குழாயில் புழுவை மிதக்கவிட்டுச் சோதித்தார்கள். கல்லைப் போட்டு மட்டத்தை உயர்த்திப் புழுவை எடுத்தன. சின்னக் கல்லை விட்டுப் பெரிய கல்லைத் தேர்ந்தெடுக்கவும் செய்தன. என் வகுப்பில் சிலர் சின்னக் கல்லைத்தான் எடுத்தார்கள்.

31 ஜூலை

மேட்டூர் நிரம்பிவிட்டது. இந்த மாத நடுவில் 50 அடிக்கும் கீழே கிடந்த அணை நேற்று 120 அடியைத் தொட்டது. இன்று வேறு எந்தப் பாடமும் நடத்த மனமில்லை.

செய்தித்தாளில் இரண்டு எண் வரும்: நீர்மட்டம் இத்தனை அடி, நீர் இருப்பு இத்தனை டி.எம்.சி. (நூறு கோடி கன அடி). முழு மட்டம் 120 அடி, முழு இருப்பு 93.47 டி.எம்.சி. எட்டாம் வகுப்பில் கேட்டேன்: "100 அடி இருக்கும்போது எவ்வளவு இருக்கும்?" ஆறில் ஐந்து பங்கு, ஏறத்தாழ 78 என்று சட்டெனக் கணக்குப் போட்டார்கள். உண்மையில் 65 டி.எம்.சி. அளவில்தான் இருக்கும். பதின்மூன்று டி.எம்.சி. எங்கே போயிற்று?

வாணலியை எடுங்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். ஸ்கேலில் 0 கோட்டுக்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். அதைக் கவனிக்காவிட்டால் எல்லா அளவும் தவறும், ஆகவே அந்த முனையை வெட்டிவிடுங்கள். இப்போது ஒவ்வொரு செ.மீ. உயரத்துக்கும் எத்தனை இங்க் மூடி, எத்தனை டம்ளர் தேவைப்படுகிறது என்று எழுதிக்கொண்டே ஊற்றுங்கள். அடியில் முதல் செ.மீ. மளமளவென்று ஏறும். மேலே போகப் போக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஸ்கேலில் தண்ணீர் நகராது. தாளில் படமாக வரைந்தால் கோடு வளைந்து வரும். அடுத்து அதையே நேரான பக்கமுள்ள டப்பாவில் செய்தால் கோடு நேராக வரும். பள்ளத்தாக்கு கீழே குறுகல், மேலே அகலம். ஆகவே மேலே உள்ள 20 அடிதான் அணையின் பெரும் சொத்து. ஜூலை 9 அன்று சொன்ன பாட்டிலில் கழுத்தருகே கோடுகள் ஏன் விலகிப் போகின்றன என்பதும் இதுவேதான், தலைகீழாக.

2 ஆகஸ்ட்

டி.எம்.சி.யை எப்படிக் கண்ணில் காட்டுவது என்ற கேள்விக்கு. காட்ட முடியாது. கன அடியைக் காட்டலாம். அட்டையில் பக்கத்துக்கு 30.5 செ.மீ. வைத்து ஒரு பெட்டி. உள்ளே பிளாஸ்டிக் உறையை விரித்து, ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றினால் 28 பாட்டில் போன பிறகும் கொஞ்சம் இடம் இருக்கும். அட்டை பிதுங்கும், நான்கு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுங்கள். ஊகம் கேட்டால் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு என்பார்கள்.

இனி கணக்கு. விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி நீர்வரத்து என்றால் 28 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்று வைத்தால் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 236 லாரி. இந்த எண்ணைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. சுழியங்களை எண்ணுவதே நல்ல பயிற்சி.

11 ஆகஸ்ட்

ஒரு ஏ4 தாளை நீளவாக்கில் சுருட்டி ஒரு குழாய். இன்னொன்றை அகலவாக்கில் சுருட்டி ஒரு குழாய். தாள் ஒன்றுதான். எதில் பொரி அதிகம் பிடிக்கும்? ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இரண்டும் சமம் என்பார்கள். குட்டைக் குழாயில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு பிடிக்கும். ஒட்டுவதற்கான மடிப்பை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் உயரமானது 1042 மி.லி., குட்டையானது 1474 மி.லி. உயரமான குழாயைக் குட்டையானதற்குள் நிறுத்தி, பொரியால் நிரப்பிவிட்டு, மெதுவாக உயரமானதை உருவி எடுங்கள். பொரி சரிந்து இறங்கிக் குட்டைக் குழாயில் மேலே வெறுமையாக நிற்கும். செய்முறை முடிந்ததும் பொரியின் கதி என்ன என்று கேட்க வேண்டாம்.

12 ஆகஸ்ட்

கன அளவுக்கும் கொள்ளளவுக்கும் வேறுபாடு புரியவில்லை என்றால் ஓர் ஆட்டுக்கல்லைக் காட்டுங்கள். கல் எவ்வளவு இடத்தை அடைக்கிறது, குழியில் எவ்வளவு மாவு பிடிக்கிறது. வேறு விளக்கம் தேவையில்லை.

20 ஆகஸ்ட்

இரண்டாவது யோசனைகள். ஜூலை 7 அன்று பேனாவால் ஊகம் எழுதுவது பற்றிச் சொன்னேன். நல்ல வழிதான், ஆனால் கூச்சமுள்ள பிள்ளைகள் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். குழுவில் உரக்கப் பேசும் பிள்ளை சொன்னதே எல்லோருடைய ஊகமும் ஆகிவிடுகிறது. இப்போது துண்டுச் சீட்டு. பெயர் எழுதாமல் மடித்துப் பெட்டியில் போட வேண்டும். பிரித்து, கரும்பலகையில் சிறியதிலிருந்து பெரியது வரை எழுதுவேன். அளந்த பிறகு எவ்வளவு கிட்டே வந்தது என்பதை மட்டும் பேசுவோம், யார் எழுதியது என்று கேட்பதில்லை. இரண்டாவது பாத்திரத்தில் ஊகங்கள் ஒன்றையொன்று நெருங்கி வருவது பலகையிலேயே தெரியும்.

இன்னொன்று. செயல்பாடு செய்துவிட்டால் பயிற்சிக் கணக்கு வேண்டாம் என்று சிலர் புரிந்துகொண்டிருப்பதாகத் தெரிகிறது. வேண்டும். லிட்டரை மில்லி லிட்டராக்குவது கை பழகிச் செய்ய வேண்டிய வேலை, அதற்கு நோட்டும் வீட்டுப்பாடமும்தான். 2022ல் தொடக்க வகுப்புகளுக்கு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு செயல்பாட்டுக்கு நேரம் ஒதுக்கச் சொல்கிறார்கள், நல்லது. அந்த நேரத்தில் அளந்ததை வைத்தே நாலு கணக்கு நோட்டில் போட வைத்துவிடுங்கள். "எங்கள் பாட்டில் 1 லி 40 மி.லி. பிடித்தது, அது எத்தனை மி.லி.?" என்று அவர்கள் எண்ணையே கொடுத்தால் 140 என்று எழுதுவதற்குக் கை வராது.

3 செப்டம்பர்

கோடையில் தண்ணீரே இல்லாத பள்ளிக்கு என்ன வழி என்று கேட்டவருக்கு: காய்ந்த, சலித்த ஆற்றுமணல். ஈர மணல் டம்ளரில் ஒட்டிக்கொண்டு அளவைக் கெடுக்கும். ஒரு வாளித் தண்ணீர் கிடைத்தாலும் போதும், ஆறு குழுவும் திரும்பத் திரும்ப அதையே ஊற்றலாம், முடிந்ததும் செடிக்கு.

மழைக்காலம் தொடங்குவதால் இன்னொன்று. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் சரியாக 1 லிட்டர். பள்ளி மொட்டை மாடியைப் பிள்ளைகள் டேப்பால் அளக்கட்டும். 10 மீட்டருக்கு 6 மீட்டர் என்றால், 50 மி.மீ. மழைக்கு 3000 லிட்டர், மூன்று பெரிய சின்டெக்ஸ் தொட்டி. 2003ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட குழாய் உங்கள் பள்ளியிலும் இருக்கும். அது எங்கே போய் முடிகிறது என்று தேடுவது தனிச் செயல்பாடு.

ஒழுகும் குழாய்க் கணக்கும் நன்றாக வேலை செய்தது. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றும்போது வைக்கும் கணக்குப்படி 20 சொட்டு 1 மி.லி.; விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு, 4 லிட்டர் 320 மி.லி. எங்கள் குழாய்ச் சொட்டு கொழுத்தது, சிரிஞ்சில் பிடித்துப் பார்த்தபோது 10 மி.லி.க்கு 200 சொட்டு தேவைப்படவில்லை; ஆகவே வீணாவது அதைவிட அதிகம். பிள்ளைகள் கணக்கைத் தாளில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தார்கள். மறுவாரமே வாஷர் மாற்றிவிட்டார்கள். இப்போது அடுத்த வகுப்புக்கு ஒழுகும் குழாய் இல்லாமல் போய்விட்டது, பாட்டில் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன்.